பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது, குடிவரவு அலுவலகம் மறுத்தது: ஜப்பானிய மொழிப் படிப்பு விண்ணப்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் சிறிய வகுப்பு ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் படித்த ஒரு மாணவி டோக்கியோவில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஜப்பானிய மொழிப் படிப்புக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது, குடிவரவு அலுவலகம் மறுத்தது, அடுத்த பருவத்தில் திரும்ப விண்ணப்பித்துப் போய்ச் சேர்ந்தார். முதல் விண்ணப்பம் ஒரு ஏஜென்ட் வழியாகப் போனது, அதன் காகிதங்களை மறுப்பு வந்த பிறகுதான் பார்த்தேன். இரண்டாவதில் முதலிலிருந்தே கூட இருந்தேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

பின்னணி

அவர் விழுப்புரம் பக்கம். 2020-இல் பி.காம் முடித்து, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 2022 ஜனவரி வரை வேலை. பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனதால் வேலையை விட்டு சில மாதம் வீட்டில் இருந்தார். அந்த ஆண்டின் நடுவில் எங்கள் வகுப்பில் சேர்ந்தார். ஜே.எல்.பி.டி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை) டிசம்பர் 2022-இல் என்5, ஜூலை 2023-இல் என்4, இரண்டுமே முதல் முயற்சியில்.

அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. அம்மா அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. இந்த இரண்டு வரியும் பின்னால் வேலைக்கு வரும், நினைவில் இருக்கட்டும்.

நோக்கம் தெளிவாகவே இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய. கணக்குத் தெரிந்தவர்கள் உண்டு, ஜப்பானிய மொழி தெரிந்தவர்களும் உண்டு, இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. அந்த இடத்தைப் பிடிக்க ஜப்பானில் ஒரு வருடம் இருந்து மொழியைப் படிக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

எந்தப் படிப்பு, ஏன்

ஜப்பானில் ஜப்பானிய மொழி படிக்க வழி ஒன்றல்ல. தனியாக இயங்கும் மொழிப் பள்ளிகள் உண்டு. பொதுவாக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு முறை சேர்க்கை நடக்கும், அதிகபட்சம் இரண்டு ஆண்டு படிக்கலாம். பல தனியார் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே 'பெக்கா' எனப்படும் வெளிநாட்டு மாணவர் மொழிப் பிரிவு இருக்கிறது, பட்டம் கிடையாது, பெரும்பாலும் ஒரு வருடம், சேர்க்கை ஏப்ரலிலும் செப்டம்பரிலும். கெய்யோவில் இப்படி ஒரு பிரிவு உண்டு, வசேதாவும் தன் ஜப்பானிய மொழி மையம் வழியாகப் பட்டமில்லாத மொழிப் படிப்பை நடத்துகிறது. ஜப்பானிய மொழியிலேயே நடக்கும் பட்டப்படிப்பில் சேர வேண்டுமென்றால் அது வேறு உலகம், பல இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஈ.ஜே.யு தேர்வு கேட்பார்கள், அதற்கு என்4 பக்கத்தில்கூட வராது.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஜப்பானியவியல் மாணவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறதே என்று எல்லோரும் கேட்பார்கள், இவரும் கேட்டார். அது தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாக இளநிலையில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. பி.காம் முடித்தவருக்கு அந்தக் கதவு இல்லை. சில பாடங்களுக்கு மட்டும் பெயர் கொடுத்துப் போகலாம் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படிப் போனாலும் மாணவர் விசாவுக்கு வாரம் குறைந்தது 10 மணி நேர வகுப்பு வேண்டும்.

அவர் பெக்காவைத் தேர்ந்தெடுத்தார். நூலகம், வளாகம், ஜப்பானிய மாணவர்களோடு பழகும் வாய்ப்பு எல்லாம் காரணம். ஊருக்குத் திரும்பி வேலை கேட்கும்போது தன்விவரத்தில் ஒரு பல்கலைக்கழகப் பெயர் இருப்பதும் காரணம், அதை அவர் மறைக்கவில்லை. சரியான தேர்வுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் விண்ணப்பம்: அக்டோபர் 2023 முதல்

ஏப்ரல் 2024 சேர்க்கைக்கு அக்டோபரில் விண்ணப்பம் போனது. ஜூலைத் தேர்வு முடிவு ஆகஸ்ட் கடைசியில் இணையத்தில் வந்துவிடும் என்பதால் என்4 மதிப்பெண்ணைச் சேர்க்க முடிந்தது. டிசம்பர் தேர்வை நம்பியிருந்தால் முடிவு ஜனவரி கடைசியில்தான் வரும், அதற்குள் விண்ணப்பத் தேதி போயிருக்கும். நவம்பரில் இணையவழி நேர்காணல், பாதி ஜப்பானியம், பாதி ஆங்கிலம். நன்றாகப் பேசியிருக்கிறார், சேர்க்கைக் கடிதம் வந்தது.

இங்கேதான் வீட்டில் எல்லோரும் 'முடிந்தது' என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் பாதிதான் முடிந்திருந்தது. பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டால் மட்டும் விசா வராது. பல்கலைக்கழகம் மாணவர் சார்பில் ஜப்பானின் வட்டாரக் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லோரும் சி.ஓ.இ என்றுதான் சொல்வோம். அது கையில் இருந்தால் சென்னையில் விசா பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் முடியும். அது இல்லாவிட்டால் சேர்க்கைக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அங்கே பார்ப்பது மாணவர் எவ்வளவு ஜப்பானியம் பேசுகிறார் என்பதை அல்ல. இவர் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறாரா, படிக்கும் காலம் முழுக்கச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும், சொன்னதும் காட்டியதும் ஒத்துப்போகிறதா, இவ்வளவுதான்.

டிசம்பரில் காகிதங்கள் போயின. பிப்ரவரி கடைசியில் மறுப்பு.

மறுப்புக்குப் பிறகு தெரிந்தது

மறுப்புக் கடிதத்தில் காரணம் மிகப் பொதுவாக இருக்கும், ஒரு வரி, இரண்டு வரி. விண்ணப்பித்த தரப்பு நேரில் போய்க் கேட்டால் அதிகாரி கொஞ்சம் விளக்கிச் சொல்வார். பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பிரிவு ஊழியர் ஒருவர் ஷினகாவாவில் உள்ள டோக்கியோ அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வந்து மின்னஞ்சலில் எழுதினார். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் நாங்கள் இருட்டில்தான் இரண்டாவது விண்ணப்பத்தைப் போட்டிருப்போம். இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். செலவை ஏற்பவரின் பணம் எப்படிச் சேர்ந்தது என்பது விளங்கவில்லை. வேலை பார்த்த காலம் பற்றிய காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு அந்தக் குடும்பம் மொத்தக் கோப்பையும் என்னிடம் கொண்டுவந்தது. செலவை ஏற்பவர் என்று அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. அவருடைய வருமான வரிக் கணக்கில் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 5 லட்சம். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று தோராயமாகக் காட்டும் 44ஏ.டி பிரிவில் தாக்கல் செய்திருந்தார், சிறு கடைக்காரர்கள் பலர் செய்வதுதான், சட்டப்படி தவறே இல்லை. ஆனால் வங்கி இருப்புச் சான்றிதழில் 18 லட்சம். அதில் 11 லட்சம் அக்டோபர் கடைசியில் இரண்டு தவணையாக வந்தது. வந்த இடம், அப்பாவின் அண்ணன் கணக்கு.

ஏஜென்ட் சொன்ன யோசனை அது. 'காட்டிட்டு எடுத்துடலாம் சார், எல்லாரும் பண்றதுதான்.' காட்டினார்கள். ஜனவரியில், பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே, எடுத்தும் விட்டார்கள்.

5 லட்சம் சம்பாதிப்பவரிடம் திடீரென்று 18 லட்சம் இருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? படிப்புக் கட்டணம் சுமார் 8 லட்சம் யென், அப்போது ஒரு யென் 55 பைசா சுமார், ஆக 4.4 லட்சம் ரூபாய். டோக்கியோவில் மாதம் ஒரு லட்சம் யென்னுக்குக் குறைந்து வாழ்வது கஷ்டம், வருடத்துக்கு அது இன்னொரு 6.6 லட்சம். ஒரு வருடச் செலவு அப்பாவின் காட்டிய வருமானத்தைப்போல இரண்டு மடங்கு.

வேலை விஷயம் இன்னும் மோசம். பாட்டியைப் பார்த்துக்கொண்ட மாதங்கள் 'இடைவெளி'யாகத் தெரியுமே என்று ஏஜென்ட், தன்விவரப் படிவத்தில் வேலை ஜூன் 2022 வரை என்று நிரப்பியிருக்கிறார். கூடவே வைத்த அனுபவச் சான்றிதழ் ஜனவரி 2022 என்று சொல்கிறது. நோயாளி உள்ள வீட்டில் ஒரு பெண் சில மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தார் என்பதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தக் கோப்பில் அம்மாவைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி, குடும்ப உறுப்பினர் பட்டியலில். மாதாமாதம் வங்கியில் விழும் சம்பளம், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16, ஆறு வருடமாகத் தொடர் வைப்பில் சேர்த்துப் பிறகு நிரந்தர வைப்பாக மாற்றிய 7 லட்சம், எல்லாமே அவர் பெயரில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. செலவை ஏற்பவர் என்றால் அப்பா என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அம்மா உட்பட.

எடுத்த முடிவுகள்

முதலில், எங்கே விண்ணப்பிப்பது. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் புதிதாகத் தொடங்கலாம் என்று வீட்டில் ஒரு எண்ணம். அது நடக்காது. சி.ஓ.இ படிவத்திலேயே முன்பு விண்ணப்பித்தது உண்டா, எத்தனை முறை, அதில் எத்தனை மறுப்பு என்று கேட்கிறார்கள். பழைய கோப்பு அவர்களிடம் இருக்கும், எடுத்து வைத்துத்தான் பார்ப்பார்கள். மறுப்பை ஏற்கெனவே அறிந்த, நமக்காகப் போய்க் காரணம் கேட்டு வந்த ஊழியர் இருக்கும் இடத்தை விட்டுப் போவதில் அர்த்தமில்லை. அதே இடம் என்று முடிவானது. அங்கே சேர்க்கைக் கட்டணமும் படிப்புக் கட்டணமும் சி.ஓ.இ வந்த பிறகு கட்டினால் போதும் என்பதால் நஷ்டம் விண்ணப்பக் கட்டணத்தோடு நின்றது.

அடுத்தது எப்போது. அப்பாவுக்கு ஏப்ரல் 2025 வரை காத்திருக்க விருப்பம், அதற்குள் என்3 வாங்கிவிட்டால் பலமாக இருக்கும் என்றார். நான் வேண்டாம் என்றேன். மறுப்பு மொழிக்காக வரவில்லை. என்3 சான்றிதழ் வைத்தால் 11 லட்சத்துக்கு அது எப்படிப் பதில் ஆகும்? செப்டம்பர் 2024 சேர்க்கைக்கு ஏப்ரலுக்குள் கொடுக்க வேண்டும், நேரம் குறைவுதான், ஆனாலும் போதும்.

கடினமான விவாதம் பணத்தைப் பற்றியது. மாமா (தாய்மாமா, பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார்) தானே செலவை ஏற்பதாக முன்வந்தார். சம்பளமும் பெரிது, காகிதமும் சுத்தம். ஆனால் பெற்றோர் இருவரும் சம்பாதிக்கும்போது மாமா ஏன் வருகிறார் என்ற கேள்வி எழும், போன முறை அப்பா, இந்த முறை மாமா என்றால் இன்னும் ஒரு கேள்வி எழும். கல்விக் கடனும் முயன்று பார்த்தார்கள், பட்டமில்லாத மொழிப் படிப்புக்குத் தர முடியாது என்று வங்கிக் கிளையில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஏற்பது என்று வைத்தோம். கட்டணம் அம்மாவின் வைப்பிலிருந்து. மாதச் செலவு அம்மாவின் சம்பளத்திலிருந்து. வீட்டுச் செலவைக் கடை பார்த்துக்கொள்ளும். அம்மாவின் சம்பளம் மட்டும் போதாதா என்றால், கைக்கு வருவது மாதம் 70 ஆயிரம், ஒரு லட்சம் யென் அனுப்பினால் 55 ஆயிரம் போய்விடும், மீதியில் குடும்பம் எப்படி நடக்கும் என்று எந்த அதிகாரியும் கேட்பார். அதனால் கடை வருமானமும் கோப்பில் இருக்க வேண்டும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, அந்த 11 லட்சம்? அப்பா அதைப் பேசவே விரும்பவில்லை. 'திருப்பிக் குடுத்தாச்சு சார், முடிஞ்சு போச்சு. அதை ஏன் மறுபடி கிளறணும்?' பல்கலைக்கழகம் இந்த முறை ஓராண்டு வங்கிக் கணக்கு கேட்டிருந்தது. அக்டோபரில் வந்ததும் ஜனவரியில் போனதும் அதில் அப்படியே இருக்கும். சொல்லாமல் விட்டாலும் தெரியும், அப்படித் தெரிந்தால் இன்னும் மோசம். அதனால் விளக்கக் கடிதத்தில் நேராக எழுதினோம்: அந்தத் தொகை அண்ணனிடமிருந்து தற்காலிகமாகப் பெற்றது, இந்தத் தேதியில் திருப்பிக் கொடுத்தது, இந்த விண்ணப்பத்தில் அந்தப் பணம் எதிலும் சேர்க்கப்படவில்லை. இதில் ஆபத்து இருந்தது. போன முறை காட்டியது படிப்புக்கான பணமே இல்லை என்று நாமே ஒத்துக்கொள்வதாகும், அதைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். மாணவிதான் முதலில் சரி என்றார். 'சென்செய் (ஆசிரியரை அழைக்கும் ஜப்பானியச் சொல்), பொய் சொல்லி ஒரு தடவை போகாம போச்சு, நெஜம் சொல்லி ஒரு தடவை பாப்போம்' என்றார். அப்பா கையெழுத்துப் போட இரண்டு நாள் ஆனது.

வேலை மாதம் திருத்தப்பட்டது. முந்தைய படிவத்தில் ஏன் வேறு மாதம் இருந்தது என்று ஒரு பத்தி, பாட்டியின் மருத்துவமனைக் காகிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்போடு போனது.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு தொல்லையும் இருந்தது: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப்பெயர் இடத்தில், அம்மாவின் வங்கிக் கணக்கில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல். மூன்றும் ஒரே குடும்பம்தானா என்று ஷினகாவாவில் இருப்பவர் எப்படி அறிவார்? ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டு, எந்தக் காகிதத்தில் யார் பெயர் எப்படி இருக்கிறது, ஏன் என்று எழுதி வைத்தோம். முதல் கோப்பில் அது இல்லை.

கடைசியாக, படிப்பு நோக்கக் கடிதம். பழையதில் அனிமே, செர்ரி மலர், ஜப்பானியரின் ஒழுக்கம் எல்லாம் இருந்தன. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு என்று சுசுமு ஓனோவின் கருத்தை வைத்து ஒரு முழுப் பத்தியும் இருந்தது. தமிழ் மாணவர்கள் பலர் இதை எழுதுகிறார்கள், நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, அதைவிட முக்கியமாக, இவர் ஏன் ஜப்பானுக்கு வர வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. எடுத்துவிட்டோம். ஆடிட்டர் அலுவலகத்தில் என்ன வேலை செய்தார், ஒரகடத்தில் எந்த மாதிரி வேலைக்குப் போக நினைக்கிறார், சென்னையில் வாரம் சில மணி நேர வகுப்பில் எது வரவில்லை, ஒரு வருடம் முடிந்ததும் என்ன செய்வார் என்று எளிய ஜப்பானிய மொழியில் அவரே எழுதினார். நான் துணைச்சொற்களை மட்டும் திருத்தினேன்.

இரண்டாவது முறை

ஏப்ரல் 2024-இல் விண்ணப்பம், மே மாதம் சேர்க்கை, உடனே சி.ஓ.இ காகிதங்கள் போயின. நடுவில் பல்கலைக்கழகம் வழியாக ஒரு கூடுதல் கேள்வி வந்தது, அம்மாவின் வைப்பு எந்த மாதத்திலிருந்து சேர்ந்தது என்று. தொடர் வைப்புப் புத்தகத்தின் பக்கங்களை அனுப்பினோம். பெரியப்பா பணத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூலையில் என்3 எழுதினார். மொத்தத்தில் 95 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மூன்று பிரிவிலும் தனித்தனியாக 19 எடுக்க வேண்டும். இவருக்கு மொத்தம் 100-ஐத் தாண்டியது, வாசிப்பில் 17. தோல்வி. அந்த முடிவு வருவதற்கு முன்பே, ஜூலை கடைசியில், சி.ஓ.இ மின்னஞ்சலில் வந்துவிட்டது (2023 மார்ச்சிலிருந்து மின்னஞ்சலிலும் தருகிறார்கள்). அது வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் நுழைய வேண்டும். கட்டணத்தை அம்மா கணக்கிலிருந்து வங்கி வழியாக அனுப்பினார்கள், சென்னையில் விசா எடுத்தார்கள், செப்டம்பரில் கிளம்பிவிட்டார்.

போன பிறகு

நரிதா விமான நிலையத்தில் இறங்கியதும் வசிப்பு அட்டை கொடுத்தார்கள். பகுதிநேர வேலைக்கான அனுமதியையும் அங்கேயே படிவம் கொடுத்து வாங்கிக்கொண்டார்; வாரம் 28 மணி நேரம்தான் மேல்வரம்பு. 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிவு, கூடவே தேசிய மருத்துவக் காப்பீடு.

வகுப்புப் பிரிக்கும் தேர்வில் அவர் எதிர்பார்த்ததைவிடக் கீழே போட்டார்கள். பேச்சில் பரவாயில்லை, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் பின்தங்கியிருந்தார். கூடப் படித்தவர்களில் பலர் சீனா, தைவான். அவர்கள் பார்த்ததும் படித்துவிடும் பக்கத்துக்கு இவருக்கு ஒரு மாலை தேவைப்பட்டது. வேலை தேடும் அவசரம் இருந்தும் முதல் பருவம் முழுக்கப் பகுதிநேர வேலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து மாதம் ஒரு லட்சம் யென் வருவதாகக் காட்டியதும் வருவதும் ஒன்றாக இருந்ததால் அது முடிந்தது. காட்டிய பணம் வெறும் காட்டலாக இருந்த மாணவர்கள் முதல் வாரத்திலிருந்தே இரவு வேலை தேடுவதையும், வருகைப்பதிவு சரிவதையும் அவரே பார்த்து எழுதியிருந்தார்.

டிசம்பர் 2024-இல் என்3 தேர்ச்சி. ஜூலை 2025-இல் என்2 கிடைக்கவில்லை. படிப்பு முடிந்து திரும்பிவிட்டார். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய உதிரிபாக நிறுவனத்தில் கணக்குப் பிரிவு, மாதக் கடைசியில் தலைமையகத்துக்குப் போகும் அறிக்கை இவர் கையில். சம்பளம் எதிர்பார்த்த அளவு இல்லை, என்2 வந்தால் உயர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று செய்தால்

வங்கிக் கணக்கை விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் முன்பே எடுத்து வைத்துப் பார்ப்போம், வீட்டில் சம்பாதிக்கும் எல்லோருடையதையும். பெயர் அட்டவணை முதல் நாளே. ஏஜென்ட் வைத்தாலும், நிரப்பிய படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மாணவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இவர் முதல் படிவத்தின் தன்விவரப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் வேலைத் தேதியில் இருந்த தவறை அவரே பிடித்திருப்பார்.

சட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஏப்ரல் 2024 முதல் ஜப்பானில் மொழிக் கல்வி நிறுவனங்களுக்குப் புதிய அங்கீகார முறை வந்துவிட்டது. மாறுவதற்கு அவகாசம் இருப்பதால் பழைய முறையில் இயங்குபவையும் உண்டு. தேர்ந்தெடுக்கும் இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வோம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது ஒரு தொகைக்கு மேல் போனால் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.சி.எஸ்-இன் வரம்பு அப்போது 7 லட்சமாக இருந்தது, ஏப்ரல் 2025-இலிருந்து 10 லட்சம்.

அடுத்து இதே பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பும் ஒரு பையனின் வீட்டுக் கணக்குகளை இப்போதே வாங்கிப் பார்த்தோம். பணம் இருக்கிறது, ஆனால் முக்கால்வாசி தெருவில் ஒருவர் நடத்தும் பதிவில்லாத சீட்டில். அதற்கு ரசீதே கிடையாது. ஒரு வருடம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன், முதலில் சீட்டை எடுத்து வங்கியில் மாதாமாதம் போடட்டும். அவன் அப்பாவுக்கு என் மேல் கோபம்.